மகன் விளையாடுகிறானா, படம் எடுக்கிறானா?

கேள்வி: பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் என் மகன் நள்ளிரவு தாண்டியும் கேம் செய்யும் மென்பொருளிலேயே உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "வீடியோ கலை செய்கிறேன் அம்மா" என்கிறான். நம்பலாமா?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக நம்புங்கள், சகோதரி. நான் பல வருடம் முப்பரிமாண அனிமேஷனில் வேலை பார்த்தவன். நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றையும் கணினி தனியாக வரைந்து முடிக்கும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றாலும், ஐந்து நிமிடக் காட்சிக்கு ஒரே கணினியில் 50 நாள் ஆகும். ஒருமுறை மூன்று நாள் காத்திருந்து பார்த்தால், கிழவர் நடக்கிறார், நிழலைக் காணோம். மறுபடியும் மூன்று நாள்.

உங்கள் மகன் உட்கார்ந்திருக்கும் மென்பொருளை கேம் எஞ்சின் என்பார்கள். அதில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆடுபவர் திரும்பும் பக்கமெல்லாம் உலகம் உடனே தெரிய வேண்டுமே! அதனால் நொடிக்கு 30, 60 படங்களை அந்தக் கணமே வரைந்துவிடும். உங்கள் மகன் விளக்கை நகர்த்தினால் நிழலும் கூடவே நகரும்.

அமெரிக்கக் கலைஞர் இயன் செங், 2015 முதல் 2017 வரை செய்த 'எமிஸரீஸ்' வரிசையின் மூன்று படைப்புகளும் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஓடுபவை. பாத்திரங்கள் தாமாகவே இயங்கும். ஒருமுறை நடந்தது அப்படியே திரும்ப வராது. கலைஞர் லாரன்ஸ் லெக்கின் 'ஜியோமான்சர்' (2017) நம் ஊர்க் கதை. 2065ஆம் ஆண்டுச் சிங்கப்பூரில், ஒரு செயற்கைக்கோள், தான் ஒரு கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறது.

அப்புறம், மகனிடம் நம் ஊர்க் கலைஞர் ஹோ சூ நியென்னைப் பற்றிக் கேளுங்கள். அவருடைய 'ஒன் ஆர் செவரல் டைகர்ஸ்' (2017) டிஜிட்டல் அனிமேஷனில் பிறந்தது. 1835இல், அன்றைய அரசாங்கப் பொதுப்பணி அதிகாரி கோல்மன், சாலை போட நிலம் அளந்துகொண்டிருந்தபோது, அளவுக் கருவியின் மேல் புலி பாய்ந்ததாகச் சொல்வார்கள். அதைக் காட்டும் பழைய அச்சுப்படத்திலிருந்து வளர்ந்த படைப்பு இது. புலியும் கோல்மனும் பாடுகிறார்கள். அச்சுப்படத்தில் சிதறி ஓடுகிறவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நான் அந்த முகங்களைத்தான் தேடித் தேடிப் பார்ப்பேன். அவர்கள் கண்ணால் அந்தக் காட்டை யாராவது கட்டிக் காட்டினால் எப்படி இருக்கும்! உங்கள் மகனே செய்யலாம்.

கேள்வி: இணையத்தில் ஆயத்தமாக விற்கும் மரம், கட்டடம் எல்லாம் வாங்கிப் போட்டுப் படம் செய்கிறாள் என் மகள். இதில் அவளுடையது என்ன?
- ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: வாங்குவதில் தப்பில்லை. ஆனால் வாங்கிய தெரு எந்த ஊர்த் தெரு என்று சொல்லாது. வீட்டுப் பொருள் ஒன்றையாவது உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பேசியில் சுற்றிச் சுற்றி அறுபது எழுபது படம் எடுத்தால், மென்பொருள் அதை முப்பரிமாண உருவமாக்கித் தரும். குத்துவிளக்கு வேண்டாம், பளபளப்பில் உருவம் குழம்பிவிடும். பாட்டியின் அம்மிக்கல் இருந்தால் அருமை. அந்தச் சொரசொரப்பு அப்படியே வரும்.