முதலாளியும் என் கைப்பேசியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மூன்று வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையர்களின் (துணி வாங்குபவர்களின்) ஆர்டர்களைக் கவனிப்பவளாக இருக்கிறேன். வயது 27. சம்பளம் தேதி தவறாமல் வரும், வேலையும் பிடித்திருக்கிறது. பிரச்சினை எங்கள் எம்.டி. சார்தான். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். பையர் ஓகே செய்த லேப் டிப் (சாய நிறம் பார்க்கும் மாதிரித் துணி) போட்டோவைக் காட்டச் சொல்லி என் போனை வாங்குவார். பார்த்து முடித்த பிறகும் கொடுக்காமல் மற்ற சாட்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். "யாரும்மா இந்தப் பையன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். லீவு கேட்டால் உடம்புக்கு என்ன, எந்த டாக்டர், மருந்துச் சீட்டு எங்கே என்று விசாரணை நடக்கும். போன மாதம் தோழி கல்யாணத்துக்குப் போக, வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டேன். அவர் நேரே என் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். அப்பாவுக்குத் தர்மசங்கடம், எனக்கு அவமானம். எதிர்த்துப் பேசினால் திமிர் என்பார்கள். சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா? வேலையை விட்டுவிடுவதுதான் வழியா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் போனை இன்னொருவர் கையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருக்க, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் அடிப்படை உரிமை பெரும்பாலும் அரசிடம் கேட்கிற உரிமை. தனியார் முதலாளிமேல் அதை நேரடியாகப் பாய்ச்சுவது கடினம். 2023-இல் தனிநபர் டிஜிட்டல் தரவுகளுக்கு என்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காகத் தகவலை வாங்கினார்களோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேலைக்குச் சேரும்போது 'அவசரத் தொடர்புக்கு' என்று எழுதிக் கொடுத்த அப்பாவின் எண்ணை உங்களை வேவு பார்க்க எடுப்பது அதற்கு நேர் விரோதம். ஆனால் அதே சட்டம் வேலை சம்பந்தமான காரியங்களுக்கு முதலாளிகளுக்குத் தனி இடம் விட்டிருக்கிறது. விதிகளும் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

ஆக, திங்கட்கிழமை காலையில் அவர் கையை நீட்டும்போது சட்டம் உங்கள் பக்கத்தில் வந்து நிற்காது. ஒரு விஷயத்தில் மட்டும் நிற்கும். பையன், காதல் என்கிற பேச்சு பாலியல் சீண்டலாகத் திரும்பினால், 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ருமேனியாவில் ஒரு கம்பெனி, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஒரு ஊழியரை யாகூ மெசஞ்சர் கணக்கு திறக்கச் சொன்னது. பிறகு 2007-இல் அவர் தன் சகோதரரோடும் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோடும் பேசியதையெல்லாம் பக்கம் பக்கமாக எடுத்து வைத்து வேலையைவிட்டு நீக்கியது. பார்புலெஸ்கு வழக்கு என்பார்கள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எவ்வளவு தூரம் கண்காணிப்போம், எழுதியதையே படிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அதில் பெரிய காரணம். நம் ஊரை அது கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் யோசியுங்கள், கம்பெனி வேலைக்காகத் திறந்த கணக்குக்கே அங்கே அந்த வரம்பு. உங்களுடையது நீங்கள் காசு போட்டு வாங்கிய போன்.

சரி, இனி நான் முக்கியமாக நினைப்பது. அந்த வயிற்றுவலிக்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதனால் நமக்கு இரண்டு வழிதான் தெரிகிறது: எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவது, இல்லையென்றால் பொய். மரியாதையாகச் சொல்ல மறுப்பதை யாரும் பழக்கிவிடவில்லை, பெண் பிள்ளைகளுக்குச் சுத்தமாக இல்லை. ஆனால் பொய் சொன்னால் அதைத் துருவிப் பார்க்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அப்பாவுக்குப் போன் போனது அந்த வழியாகத்தான்.

மதுரையில் ஒரு பைனான்ஸ் அலுவலகத்தில் இருந்த என் தோழி செய்ததைச் சொல்கிறேன்.

"எதுக்கு லீவு?"

"சொந்த வேலை சார்."

"அதான், என்ன சொந்த வேலை?"

"சொந்த வேலைதான் சார். வெள்ளிக்கிழமை லெட்ஜரை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போறேன்."

குரலை உயர்த்த மாட்டாள், முகம் கடுக்க மாட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் அதே வாக்கியம், அடுத்த நொடி வேலைப் பேச்சு. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடம் அவளுக்கு இன்கிரிமென்ட் குறைந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் கேட்பது நின்றுபோனது. உங்களுக்கும் இது முதலில் நாக்கில் வராது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள். லீவை இனி மெயிலில் கேளுங்கள்: தேதி, 'சொந்த வேலை', எந்த ஸ்டைல் (ஆர்டர் மாடல்) யார் பொறுப்பில். இரண்டு வரி போதும்.

போன் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட வழி சுலபம். பையர், டையிங், பிரிண்டிங் எல்லாம் உங்கள் சொந்த வாட்ஸ்அப்பில் இருப்பதால்தான் அவருக்கு உங்கள் போன் தேவைப்படுகிறது. கம்பெனி சிம் ஒன்று கேளுங்கள். "நான் லீவில் இருந்தாலும் ஆர்டர் விவரம் ஆபீஸிலேயே இருக்கும் சார்" என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டார். கிடைக்கும் வரை, போட்டோவை அவருக்கே பார்வர்டு செய்துவிட்டு, "அனுப்பிட்டேன் சார், உங்க போன்ல பெருசா தெரியும்" என்று சொல்லுங்கள். உங்கள் போன் உங்கள் கையைவிட்டுப் போக வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் இன்றே லாக் அவுட் செய்யுங்கள். ஆபீஸ் மெயிலையும் கம்ப்யூட்டரையும் அவர் பார்க்கலாம் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். அது அவருடைய சொத்து.

அப்பாவிடம் இன்று ராத்திரியே உட்கார்ந்து பேசுங்கள், கல்யாணத்துக்குப் போனதையும் சேர்த்து. இன்னொரு தடவை போன் வந்தால், "அவகிட்டயே கேட்டுக்கங்க சார்" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடச் சொல்லுங்கள். 27 வயதுப் பெண்ணின் லீவுக்கு அப்பா சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இதை உங்கள் எம்.டி.க்குப் புரியவைக்க உங்களைவிட உங்கள் அப்பாவால் முடியும். ஊர்ப் பெரியவர்கள் பேச்சுக்கு இப்படிப்பட்ட முதலாளிகள் கட்டுப்படுவார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் இப்போதைக்கு அது உதவட்டும்.

வேலையை விடுவதா? கொஞ்ச நாள் இப்படி நடந்து பாருங்கள். மாறவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். மூன்று வருட அனுபவமுள்ள மெர்ச்சண்டைசருக்குத் திருப்பூரில் கதவு திறக்காமல் போகாது. ஆனால் அடுத்த ஆபர் கையில் வரும் வரை ராஜினாமாப் பேச்சை எடுக்காதீர்கள், ஆபீஸில் நெருங்கிய தோழியிடம்கூட. சம்பளச் சீட்டுகளைச் சொந்த மெயிலில் சேர்த்து வையுங்கள், பி.எஃப். கணக்கில் உங்கள் சொந்த எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், புது இடத்து இன்டர்வியூவில் பையரோடு பேச கம்பெனி போன் கொடுப்பார்களா என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா