முகத்துவாரம் திறந்திருக்கிறதா? பழவேற்காடு ஏரி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) நிற்கிற படம் ஒன்று போட்டாலும் போட்டோம், தடா, சூலூர்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பொங்கல் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூநாரை பார்க்கப் போகலாமா? படத்தில் பாதிப் பறவைகள் அழுக்கு வெள்ளையாக இருக்கின்றனவே, அவை வேறு இனமா?
– ஒரு வாசகி, சூலூர்பேட்டை

தாராளமாகப் போங்கள். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையிலேயே, அடகானிதிப்ப பக்கம் நின்றால் இரண்டு புறமும் ஏரிதான். ஆனால் ஒரு விஷயம், அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்தால் பொங்கலுக்குள் தண்ணீர் வடிந்திருக்காது. பூநாரைக்குக் கால் முழுகாத ஆழம்தான் தோது. அதனால் பிப்ரவரி வரை பொறுத்தால் கூட்டம் இன்னும் கிட்டத்தில் தெரியலாம்.

அழுக்கு வெள்ளையாக, சாம்பல் பூசினாற்போல் இருப்பவை குஞ்சுகள். குஞ்சு என்றாலும் உயரத்தில் அம்மாவை ஏறக்குறைய எட்டிவிட்டவை! அவை தின்கிற சின்னஞ்சிறு இறால் வகைகளிலும் பாசியிலும் இருக்கிற நிறமிதான் இறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது, முழுசாக ஏற மூன்று நாலு வருஷம் ஆகும். பிள்ளைகளை அவை தின்னும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நின்று காலால் சேற்றை மிதித்துக் கலக்கும், அப்புறம் தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வருகிற மாதிரி தண்ணீருக்குள் விட்டு, நாக்கை பம்பு போல அடித்துத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் தங்குவதுதான் சாப்பாடு. பைனாகுலர் இல்லாமல் போனால் இதில் பாதி தெரியாது, யாரிடமாவது கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

பக்கத்தில் இருக்கிற நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே செங்கடம்பு மரங்களில் கூழைக்கடா கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை.

ராக்கெட் சத்தத்தால்தான் பறவைகள் குறைந்துவிட்டன என்று எங்கள் டீக்கடையில் தினமும் சண்டை. உண்மையா?
– ஒரு வாசகர், ஆரம்பாக்கம்

1971-லிருந்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ராக்கெட் விடுகிறார்கள், பூநாரையும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சத்தம் சில நிமிஷத்தில் அடங்கிவிடும். சொல்லப்போனால் வேலி போட்டு ஆளை விடாததால் தீவின் காடு பிழைத்திருக்கிறது (அங்கே குடியிருந்த யானாதிப் பழங்குடிகளும் மீனவர்களும் வெளியேற்றப்பட்ட கதை வேறு, அதை யாரும் டீக்கடையில் பேசுவதில்லை). என் கண்ணில் பெரிய தொந்தரவு சத்தமில்லை, சாலைதான். ஏரிக்கு நடுவே கரை மாதிரி மண் கொட்டிப் போட்ட சாலை, அடியில் தண்ணீர் போக வழி குறைவு. அதற்கு வடக்கே இருக்கிற ஏரிக்குப் பழவேற்காட்டுக் கடல் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை, கோடையில் அந்தப் பக்கம் வெடித்துக் கிடக்கும். டீக்கடையில் அடுத்த சண்டையை இதைப் பற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். மிஷின் வைத்துத் தோண்டுகிறார்கள், மறுபடி மண் மூடுகிறது. ஏன் நிற்கமாட்டேன் என்கிறது?
– ஒரு மீனவர், அண்ணாமலைச்சேரி

அண்ணே, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் கரையோரம் கடல் வருஷம் முழுக்க மணலை நகர்த்துகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே, வடகிழக்கில் தெற்கே. மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். இந்த மணல் வாயை மூடப் பார்க்கும், உள்ளேயிருந்து வருகிற வெள்ளம் அதைக் கிழித்துத் தள்ளும். ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் கொண்டுவருகிற தண்ணீருக்கு அந்த வேகம் உண்டு. மழை முடிந்து, மேலே அணைக்கட்டும் பாசன ஏரிகளும் தடுத்தது போக மிச்சம் கசிகிற தண்ணீருக்கு அது கிடையாது. ஏற்ற வற்றமோ இந்தப் பக்கம் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஏரியும் தூர்ந்துபோய் ஆழம் குறைந்துவிட்டதால் உள்ளே போய் வெளியே வருகிற தண்ணீரின் அளவும் குறைவு. அப்புறம் வாய் எப்படித் திறந்து நிற்கும்?

வாய் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளை இறாலே போதும். அது கடலில் முட்டை விடும், கண்ணுக்குத் தெரியாத குஞ்சு அலையோடு ஏரிக்குள் வந்து சேற்றிலும் புல்லிலும் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் களி நண்டும் ஏறக்குறைய இதே கணக்குதான். கதவு சாத்தியிருந்தால் உள்ளே வரவும் வழியில்லை, உள்ளே இருப்பது முட்டைக்குப் போகவும் வழியில்லை. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற உங்கள் பாடு முறையை உலகமே புகழ்கிறது. இறாலே வராத நாளில் நல்ல பாடு விழுந்து என்ன செய்ய? வலை வாங்க வசதியில்லாமல், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு குனிந்து கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்குத்தான் முதல் அடி.

வாயின் இரு பக்கமும் கல் போட்டுச் சுவர் எழுப்புவது ஒரு வழி. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கடலில் கல் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும், எண்ணூர் தொடங்கி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுவரோடு சேர்த்து ஏரியின் கால்வாய்களையும் தூர் வாரவேண்டும், ஆற்றுத் தண்ணீரும் வரவேண்டும்.

ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்கிறார்கள். நல்ல பணம். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், தடா

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தெளிவாகவே சொன்னது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் அதே கணக்கு. முதலில் சர்வேயரை வைத்து தூரத்தை அளந்து, வனத்துறையிடமும் எழுதிக் கேளுங்கள். குத்தகைக்காரர் நாலு வருஷத்தில் நோய் விழுந்தால் மூட்டை கட்டிவிடுவார். உப்பு ஊறிய மண்ணும் பக்கத்து வீட்டுக் கிணறும் உங்கள் தலையில்தான்.

நாங்கள் வாங்குகிற நண்டாலும் ஏரிக்குக் கேடு உண்டா?
– ஒரு வாசகி, நாயுடுபேட்டை

உண்டு. வயிற்றுப்புறம் திருப்பிப் பாருங்கள், மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். அந்த மடலுக்கு வெளியே முட்டை கொத்தாகத் தொங்கினால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி நண்டும் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

படகில் போய்க் கிட்டத்தில் படமெடுக்கலாமா?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதோடு, பறக்கிற படம் வேண்டுமென்று கூட்டத்தைக் கலைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம்.

ஏரி இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது. மனு யாருக்கு எழுதுவது?
– வாசகர்கள் பலர்

பெரும்பகுதி ஆந்திராவில், முக்கியமான வாய் தமிழ்நாட்டில். ஆந்திரா 1976-இல் சரணாலயம் அறிவித்தது, தமிழ்நாடு 1980-இல். ஒரே தண்ணீருக்கு இரண்டு சட்டப் புத்தகம். சிலிகா முழுக்க ஒடிசாவில் இருப்பதால் அதற்கென்று ஒரே ஆணையம் அமைந்தது, 2000-இல் புது முகத்துவாரம் வெட்டினார்கள், மீனும் நண்டும் திரும்பி வந்தன. நமக்கு அப்படி ஒரு கூட்டு அமைப்பு வேண்டுமென்றுதான் கேட்கவேண்டும். சூலூர்பேட்டை வன உயிரினக் கோட்ட அலுவலகத்துக்குத் தெலுங்கில் ஒன்று, திருவள்ளூர் ஆட்சியருக்குத் தமிழில் ஒன்று எழுதுங்கள், ஒன்றின் நகலை மற்றதோடு இணைத்துவிடுங்கள். பூநாரையைப் பற்றி இரண்டு வரி போதும். முகத்துவாரம், சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற வழி, ஆற்று வெள்ளம், இந்த மூன்றையும் விவரமாக எழுதுங்கள்.