வீணையை விட வேண்டியதில்லை

வணக்கம். வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முதலாண்டு என்று ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமை வீணை வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பாருங்கள். அங்கே ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நீங்கள் எடுத்திருக்கும் 32 கிரெடிட்டுக்கு 960 மணி நேரம், அதாவது வாரத்துக்குப் பதினெட்டு மணிக்கு மேல். வீணைக்குப் போகும் ஒன்றரை மணி நேரத்தை மிச்சம் பிடித்து இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் இரண்டாண்டுப் படிப்பை முடிக்க நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு என்பதையும், எல்லாத் தாள்களையும் ஜூன் தேர்விலேயே எழுத வேண்டிய கட்டாயமில்லை, சிலவற்றை டிசம்பர் தேர்வுக்குத் தள்ளலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

நானும் நாற்பது வயதுக்குமேல் இதே வழியில் படித்தவன். என்னைத் திணறடித்தது படிப்பன்று, கையால் எழுதித் தர வேண்டிய ஒப்படைப்புகள்தான். கடைசி வாரத்தில் இரவு இரண்டு மணி வரை எழுதி, விரல் மரத்துப்போய், மறுநாள் அலுவலகத்தில் கையெழுத்துப் போடவே சிரமப்பட்டேன். (வீணை வாசிக்கும் விரல்களுக்கு இது இன்னும் கொடுமை.) அதன் பிறகு, பாடப் புத்தகத்தில் ஒரு பகுதியைப் படித்து முடித்த அன்றே அதற்குரிய விடையை எழுதி வைக்கத் தொடங்கினேன், தேர்வுக்கான குறிப்பும் அதுவே ஆயிற்று.

டிசம்பருக்கு எந்தத் தாள்களை ஒதுக்கலாம் என்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள். மாதக் கடைசி வங்கியில் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் புத்தகத்தைத் தொடாதீர்கள்.