சுங்கச் சோதனைப் பணி: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.காம். இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் சென்னைச் சுங்கத்துறையில் எக்ஸாமினராக, அதாவது சரக்கைச் சோதிக்கும் அதிகாரியாக விரும்புவதையும், எல்லாம் கணினிமயமாகிவிட்ட பிறகு அங்கே ஆள் எடுப்பார்களா என்று தாங்கள் அஞ்சுவதையும், இரவுப் பணி பற்றிக் கவலைப்படுவதையும் எழுதியிருந்தீர்கள்.

அந்த அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி என்னும் சரக்கு விவர ஆவணங்களில் பெரும்பாலானவற்றை இடர் மேலாண்மை மென்பொருள் சோதனையின்றியே விடுவித்துவிடுகிறது. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமற்ற மதிப்பீட்டு முறையால், சென்னையில் இறங்கும் சரக்குக்கு வரி கணக்கிடும் அதிகாரி இன்று வேறு ஊரில் இருக்கலாம். ஆனால் மென்பொருள் சோதனைக்கென ஒதுக்கிய கன்டெய்னரை யாராவது நேரில் நின்று திறந்துதான் ஆக வேண்டும். மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களில், சீல் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிட்டு, சீலை வெட்டச் செய்து, முன்வரிசைப் பெட்டிகளை இறக்கவைத்துப் பின்வரிசையில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது எக்ஸாமினரின் வேலை. எங்கே பார்க்கலாம் என்று ஸ்கேனர் காட்டும். உள்ளே இருப்பது பருத்தியா பாலியஸ்டரா என்று அது சொல்லாது, அதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இந்த இடத்தில் ஆள் குறைந்தால் சரக்கு தேங்கி டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும் என்பதால், மேசை வேலை இடம் மாறினாலும் சோதனை வேலை துறைமுகத்தை விட்டுப் போகவில்லை.

இந்தப் பதவிக்கு வழி, மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு. ஏதேனும் ஒரு பட்டம் போதும். பொதுப்பிரிவினருக்கு உச்ச வயது 30. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். உடல்தகுதிச் சோதனையில் பெண்கள் 20 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்கவும், 25 நிமிடத்தில் மூன்று கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டவும் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு மாதக்கணக்கில் படித்துவிட்டு சைக்கிளைத் தொடாமலே இருப்பவர்கள் உண்டு. தங்கள் மகளை இப்போதே பழகச் சொல்லுங்கள்.

தேர்வர் தரும் பதவி விருப்பப் பட்டியலில் எக்ஸாமினரும், வெள்ளைச் சீருடை அணிந்து கடத்தலைத் தடுக்கும் பிரிவென்டிவ் ஆபீசரும் தனித்தனிப் பதவிகள். முன்னவர் அப்ரைசராகவும் (மதிப்பீட்டு அதிகாரி) பின்னவர் சூப்பரின்டென்டன்டாகவும் உயர்வார்கள். இரவுப் பணி குறித்த தங்கள் கவலை இரண்டாவது பதவிக்கே அதிகம் பொருந்தும். பணியிடமும் தரவரிசைப்படியே அமையும் என்பதால், மும்பையோ கொல்கத்தாவோ கிடைத்தால் அனுப்புவீர்களா என்பதைத் தாங்கள் இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது.

போட்டி கடுமையானது, தேர்வை மட்டுமே நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். பாரிமுனைத் தம்புச் செட்டித் தெருவில் உள்ள சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில், தேர்வின்றித் தரப்படும் உதவியாளர் அட்டையான எச் கார்டு பெற்று வேலை பார்த்துக்கொண்டே அவர் படிக்கலாம். பின்னர் சுங்கத்துறை நடத்தும் தேர்வெழுதி அடுத்த நிலை அட்டையான ஜி கார்டு பெற்றால், அரசு வேலை அமையாவிட்டாலும் அதே துறையில் தொடர முடியும்.