வாசகர் கேள்வி–பதில்: ஐஸ் இயந்திரத்துக்குக் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நாளுக்கு ஏறக்குறைய 2 தொன் ஐஸ் தேவை. வெளியில் வாங்கிக் கட்டுபடியாகவில்லை என்று புதிய தலைவர் 5 தொன் இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு எடுக்க நிற்கிறார். பொருளாளராகிய நான் கையெழுத்து வைக்கலாமா? (நிலாவெளி வாசகர்)

பதில்: இப்போதைக்கு வைக்காதீர்கள். சொந்த இயந்திரம் வைத்திருப்பதில் பிழையில்லை. ஆனால் 2 தொன் தேவைக்கு 5 தொன் இயந்திரம் எதற்கு என்பதை உங்கள் நிர்வாகசபை இன்னும் கணக்காக எழுதவில்லை.

கடன் தவணை, ஆட்சம்பளம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 9 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கி சொல்லும் உண்மைத் தொகையை இந்த இடத்தில் நீங்கள் போட்டுப் பாருங்கள். மாதம் 26 நாள் முழுக் கொள்ளளவில் ஓடினால் 130 தொன். தொன்னுக்கு ஏறக்குறைய 6,900 ரூபாய் விழும். நாளுக்கு 2 தொன் மட்டும் எடுத்தால் 52 தொன். அதே செலவு தொன்னுக்கு 17,300 ஆகிவிடும். வாடைக்காற்றில் மாதம் 10 நாள்தான் படகு இறங்குகிறது, அதுவும் நாளுக்கு 1 தொன்தான் போகிறது என்றால் தொன் 90,000 ரூபாய்! கடல் மூடிக்கிடந்தாலும் தவணை நிற்காது. இதற்கு மேல் மின்சாரம் வேறு: எங்கள் வெப்பத்தில் கட்டி ஐஸ் ஒரு தொன்னுக்கு 55 முதல் 70 அலகு வரை பிடிக்கும். ஆகவே மிச்சம் 3 தொன்னை யார் வாங்குவார்கள், எந்த மாதங்களில் வாங்குவார்கள் என்பது எழுத்தில் வரவேண்டும். “அயல் சங்கங்கள் வாங்கும்” என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கடன் எடுக்க முடியாது.

அதற்கும் முன்னால் பார்க்கவேண்டியது உங்கள் பெட்டிகளை. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் 1 கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 320 கிராம் ஐஸ் உருகினால் போதும். ஆனாலும் கிலோவுக்குக் கிலோ ஐஸ் போடுகிறோம். மிச்சம் பெட்டிச் சுவர் வழியாகவும், மூடி திறந்து கிடக்கும் நேரத்திலும், வெயிலிலும் போகிறது. ஒரு பெட்டியில் 10 கிலோ ஐஸை நிறுத்துப் போட்டு, மூடி, நிழலில் வையுங்கள். 12 மணி நேரம் கழித்துத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி நிறுங்கள். வெடித்த ரெஜிபோம் பெட்டியையும் நல்ல தடித்த பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் காசு எங்கே உருகுகிறது என்று எல்லாருக்கும் கண்ணால் தெரியும். இந்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் போதும், கடனோ பல வருடம்.

சூரை பிடிக்கும் படகுகளுக்கு இன்னொன்று: பிடித்த மீனை உடனே குளிர்விக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற, சாப்பிடுபவரை நோயாக்கும் பொருள் உண்டாகும். பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும், சமைத்தாலும் அது போகாது. மீன் விலை விழுவதற்குக் காரணம் ஐஸ் பற்றாக்குறையா, ஐஸ் பிந்துவதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பிந்துவதுதான் என்றால் கரையில் எத்தனை இயந்திரம் நின்றும் பயனில்லை.

இவ்வளவும் பார்த்தபின் இயந்திரம்தான் என்று முடிவானால் கூட்டக் குறிப்பில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: மாதம் எத்தனை தொன் விற்க எதிர்பார்க்கிறோம், அதற்குப் பொறுப்பு யார், எந்தத் திகதியில் மீளப் பார்ப்போம், எந்த எண்ணுக்குக் கீழே போனால் வாடகைக்குக் கொடுப்போம் அல்லது விற்போம். பலரும் விடுவது கடைசி வரியைத்தான். அது இல்லாமல் போனால் அடுத்த தலைவர் நட்டத்தைச் சுமந்துகொண்டே இருப்பார், நிறுத்தினால் பழி தன்மேல் வரும் என்று பயந்து.

கேள்வி: திருமலையில் கட்டடப் பொருள் கடை, கிண்ணியாவில் கிளை. கிளைக்கு நான்தான் முகாமையாளர். முதலாளி நல்லவர், ஆனால் ஒவ்வொரு கொள்வனவுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். சீமெந்து முடிந்து வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார்கள். (கிண்ணியா வாசகர்)

பதில்: 2009இல் பாலம் திறந்தபின் கிண்ணியாவுக்குப் பொருள் வருவது சுலபம். உங்கள் கடையில் தாமதம் கையெழுத்தில்தான் இருக்கிறது. முதலாளியிடம் “அதிகாரம் தாருங்கள்” என்று கேட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும், எண்ணோடு போங்கள். நாளுக்கு 12 பை விற்கிறது, சொல்லி அனுப்பினால் வர 4 நாள், பாதுகாப்புக்கு 2 நாள். 12 × 6 = 72. கையிருப்பு 72 பைக்கு வந்ததும் அவரைக் கேட்காமலே கட்டளை போடலாம் என்று ஒரு எழுத்து வாங்குங்கள். கூடுதலாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம்: மூன்று மாதம் கிடந்த சீமெந்து வலுக் குறையும், மாரி ஈரத்தில் அதற்கு முன்பே கட்டிபடும். புதிய வழங்குநரிடம் வாங்குவது, கடன் விற்பனை, விலை மாற்றம் ஆகியவை அவர் கையிலேயே இருக்கட்டும். வாரம் ஒரு தாளில் விற்றது, இருப்பது, இல்லையென்று திருப்பி அனுப்பியது ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மூன்றாவது எண்ணை அவர் இதுவரை பார்த்திருக்கமாட்டார்.

கேள்வி: உப்புவெளியில் விருந்தினர் விடுதி. மாரியில் அறை வாடகையைப் பாதியாக்கலாமா? (உப்புவெளி வாசகர்)

பதில்: ஒருவர் தங்குவதால் மட்டும் கூடும் செலவை (சலவை, மின்சாரம், தண்ணீர், காலைச் சாப்பாடு, தரகு) கூட்டுங்கள். வாடகை அதற்கு மேல் இருக்கும்வரை வெறும் அறையைவிட இலாபம்; பாதிக்கும் கீழேகூடப் போகலாம். ஆனால் சலுகை முடியும் திகதியைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிடுங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலிலும் அதே விலையைக் கேட்பார்கள். கீழெல்லையை ஒக்டோபரிலேயே எழுதி முன்மேசையில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் மழையில் பையோடு வந்து நிற்பவரிடம் விலை பேசப்போவது அவர்தான்.