காலியான சிலிண்டரோடு எடை பாருங்கள்: ட்ரை சூட் கேள்வி பதில்

நார்வேயின் மேற்குக் கரையில் 11 வருடம் டைவிங் சொல்லிக்கொடுத்துவிட்டு காரைக்குடிக்குத் திரும்பி வந்தவன் நான். இங்கே நமக்குக் கடல் என்றால் தொண்டிதான், அங்கே ட்ரை சூட்டுக்கு, அதாவது குளிர்ந்த நீரில் போடும், உள்ளே தண்ணீர் புகாத டைவிங் உடைக்கு, வேலையே இல்லை. ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் குளிர் நாடுகளில் வேலைக்குப் போய் டைவிங் பழகுகிறார்கள், பொங்கலுக்கு ஊர் வந்தால் கேள்வியோடு வருகிறார்கள். பாதிக் கேள்வி ஈயத்தைப் பற்றியே இருக்கிறது, அதாவது மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளைப் பற்றி. அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

அண்ணே, அந்தமானில் 3 மில்லிமீட்டர் சூட்டுக்கு 4 கிலோ போதுமாக இருந்தது. இங்கே 14 கிலோ கட்டச் சொல்கிறார்கள். எதற்கு இவ்வளவு? (தேவகோட்டை, இப்போது ஓஸ்லோ)

தம்பி, ட்ரை சூட்டுக்குள் குளிரைத் தடுப்பது துணி இல்லை, துணிக்குள் நிற்கும் காற்று. அந்தக் காற்றுதான் உங்களை மேலே தூக்குகிறது. அதற்கு ஈடாகத்தான் ஈயம். குறைத்துக் கட்டினால் சூட்டில் உள்ள காற்றை வெளியேற்றித்தான் கீழே நிற்க முடியும். அப்போது குளிர் எலும்பில் ஏறும். சூட்டின் மடிப்பு தோலைக் கவ்வி, கோரைப்பாயில் படுத்து எழுந்த மாதிரி சிவப்புத் தடம் விழும். 14 சரியா தப்பா என்பதை உங்கள் உடம்பும் சூட்டுக்குள் போடும் கம்பளி உள்ளாடையின் கனமும் தண்ணீரும்தான் சொல்லும். உடல் எடையில் இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது முதல் நாளைக்கு மட்டும் உதவும்.

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? (கோனாபட்டு)

இதுதான் முக்கியமான கேள்வி. பெரும்பாலோர் டைவின் ஆரம்பத்தில், நிறைந்த சிலிண்டரோடு பார்க்கிறார்கள். காற்றுக்கும் எடை உண்டு என்பது மறந்துபோகிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) 2400 லிட்டர் காற்று, கிட்டத்தட்ட 3 கிலோ. 50 பாருக்கு வரும்போது அதில் 2 கிலோவுக்கு மேல் மூச்சாகப் போயிருக்கும். ஆரம்பத்தில் சரியாக இருந்தவர் முடிவில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போவது இதனால்தான்.

அதனால் டைவின் முடிவில் பாருங்கள். சிலிண்டரில் 50 பார், ஆழம் 5 மீட்டர், பி.சி.டி.யில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேல்சட்டை) துளிக் காற்று இல்லை. சூட்டின் வெளியேற்று வால்வை முழுக்கத் திறந்து, இடது முழங்கையை மெதுவாக உயர்த்துங்கள். தோள் பக்கம் புஸ்ஸென்று ஓர் ஓசை கேட்கும். அவசரப்படாதீர்கள், கம்பளிக்குள் இருக்கும் காற்று நிதானமாகத்தான் வரும். ஓசை நின்ற பிறகு, சூட் உடம்பைக் கவ்வாமல் வசதியாக இருக்கும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு, துடுப்பை அசைக்காமல் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அந்த இடத்திலேயே நின்றால் கணக்கு சரி. கீழே இறங்கினால் அடுத்த டைவில் 1 கிலோ குறையுங்கள், மேலே போனால் 1 கிலோ கூட்டுங்கள். மூன்று நான்கு டைவில் உங்கள் எண் கிடைத்துவிடும். உள்ளாடை, சூட், சிலிண்டர், எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். கம்பளி மாறினால் எண்ணும் மாறும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது மிதக்கப் பார்க்கும், ஸ்டீல் அப்படி இல்லை.

இன்னொன்று: இறங்கும் முன் கரையில் குத்துக்காலிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையை விரலால் லேசாக விலக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். இதைச் செய்யாமல் 'ஈயம் போதவில்லை' என்று கூட்டிக்கொண்டே போனவர்கள் நிறையப் பேர்.

பாதுகாப்புக்காக 2 கிலோ கூடுதலாக இருக்கட்டுமே? (புதுவயல்)

என் முதல் வருடத்தில் ஒரு கிளப்பில் அப்படித்தான் 16 கிலோ கட்டிவிட்டார்கள். கூடுதல் ஈயத்துக்கு ஈடாகக் கூடுதல் காற்று விட வேண்டியிருந்தது. ஒரு நண்டைப் பார்க்கத் தலையைக் குனிந்தேன், காற்றெல்லாம் காலுக்கு ஓடிவிட்டது. காலில் வால்வு கிடையாது. பாதம் பலூனாக உப்ப, தலைகீழாக மேலே கிளம்பினேன். ஏற ஏறக் காற்று விரியும், விரிய விரிய வேகம் கூடும். முழங்காலை மார்போடு இழுத்து உருண்டு, காலைக் கீழே கொண்டுவந்து, இடது கையைத் தூக்கியதில் தப்பித்தேன். இப்போது 11 கிலோவில் டைவ் செய்கிறேன்.

கணுக்காலில் அரை கிலோ கட்டுவது பற்றிக் கேட்பீர்கள். அடிக்கடி கால் தூக்கினால் கட்டலாம். முதலில் இடுப்பு ஈயத்தை இடம் மாற்றிப் பாருங்கள். தொண்டியில் வலையைப் பார்த்திருப்பீர்கள், மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு, இரண்டும் பரவலாக இருந்தால்தான் வலை நேராக நிற்கும்.

ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா பிளவுக்குப் போகிறேன். கடலில் 12 கிலோ. அங்கேயும் அதேதானா? (கானாடுகாத்தான்)

இல்லை, அது நன்னீர். கடல்நீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி குறைவு. நீங்களும் சாமான்களும் சேர்ந்து 115 கிலோ என்றால் 3 கிலோ வரை குறைக்கலாம். 9-இல் ஆரம்பித்து கரையோரத்தில் சோதித்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர் 2 முதல் 4 டிகிரி, கையுறையோடு வால்வைத் திருகிப் பழகிக்கொள்ளுங்கள்.

காற்றை சூட்டில் விடுவதா, பி.சி.டி.யிலா? (குன்றக்குடி)

பள்ளிக்குப் பள்ளி பாடம் மாறும். என் பழக்கம்: கவ்வல் போகும் அளவுக்கு சூட்டில், மிச்சம் பி.சி.டி.யில். நீர்மட்டத்தில் பி.சி.டி. மட்டும். ஈயம் சரியாக இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

தம்பி, என் மகன் ஸ்காட்லாந்தில் இந்த வேலை செய்கிறான். அவ்வளவு கனத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பிள்ளை மூழ்கிவிட மாட்டானா? (பள்ளத்தூர் ஆச்சி)

ஆச்சி, தராசில் ஒரு தட்டில் சாமான், மறு தட்டில் எடைக்கல் இல்லையா? அவன் போட்டிருக்கும் காற்றுக்கு அந்த ஈயம் எடைக்கல். ஒரு பங்கை ஒரே இழுப்பில் கழற்றிவிடும்படிதான் கட்டுவார்கள். மேலே வந்தபின் ஆபத்து என்றால் அதைக் கழற்றினால் போதும், மிதப்பான். ஆழத்தில் மட்டும் கழற்றக் கூடாது. அவனிடம் 'கழற்றிப் பழகினாயா' என்று ஒருமுறை கேளுங்கள். நீங்கள் கேட்டால் செய்வான்.

பழைய ஈயம் கிடக்கிறது, உருக்கி வார்க்கலாமா? (காரைக்குடி)

வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம், நஞ்சு. புகையும் தூசியும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வாங்கிய கட்டியைத் தொட்டாலும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நம் ஊருணியில் ட்ரை சூட் பழகலாமா அண்ணே? (பெயர் வேண்டாம் என்றார்)

குடிநீர் ஊருணியில் கால் நனைத்தாலே ஊர் விடாது, நீங்கள் சிலிண்டரோடு இறங்கப் பார்க்கிறீர்கள்! நம் வெயிலில் அந்தக் கம்பளியோடு கரையில் பத்து நிமிடம் நின்றாலே மயக்கம் வரும். போகிற நாட்டில், பயிற்றுநரோடு, நீச்சல்குளத்தில் ஆரம்பியுங்கள். இங்கே இருக்கும்வரை வீட்டு முற்றத்தில் பெல்ட்டைக் கண்ணை மூடிக் கழற்றிப் பழகலாம். ஆத்தங்குடிக் கல்லில் போட்டுவிடாதீர்கள், கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.