சீசன் தொடங்கும் முன்பே ஒரு கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 'ஆழம்' இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டியலில் நூறு பேர் இருந்தால் போதாதா?

போதாது. ஆழம் என்றால், ஒருவன் அடிபட்டால் அந்த இடத்தில் இறங்கி ஆடக்கூடிய இன்னொருவன் இருப்பது.

நீங்கள் ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். சீனியர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, "இந்த வருஷம் நம்ம டீம்ல எல்லா இடத்துக்கும் ஆள் இருக்கு" என்று ஏற்றிவிட்டிருப்பார்கள். 2013-ல் எனக்கும் அப்படித்தான் நடந்தது.

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். நான் பயிற்சியாளர் இல்லை, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதுகூட இல்லை. கொலம்பஸில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதனால் ஒருசார்பாகத்தான் எழுதுவேன், எங்கள் பரம எதிரிகளான மிச்சிகன்காரர்கள் கீழே வந்து திட்டிக்கொள்ளலாம். "கையால ஆடுற ஆட்டத்துக்கு எதுக்குடா கால்பந்துன்னு பேரு?" என்று என் மாமா பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அதைக் கேட்க வருகிறவர்கள் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது ஒரு உணவுக்கூடத்தின் பின்கட்டில் தட்டு கழுவும் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே கிரில்லில் நின்ற பெரியவர் ஒருவர் நாற்பது வருஷமாக இந்த அணியைப் பார்ப்பவர். 2014 ஆகஸ்ட் நடுவில், மாணவர்கள் இன்னும் ஊருக்குள் வராத ஒரு மதியம், மெனுத் தாளைத் திருப்பிப் போட்டு 22 வட்டம் வரைந்தார். தாக்குதலுக்குப் பதினொன்று, தடுப்புக்குப் பதினொன்று. ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு பெயர், மேலே ஒன்று, கீழே ஒன்று. இதற்குப் பெயர்தான் டெப்த் சார்ட். தாளின் ஓரத்தில் கெட்சப் கறை. அதைத் துடைத்துக்கொண்டே அவர் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று: மேலே இருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மறை, கீழே இருப்பவன் பெயரை மட்டும் படி. படிக்கும்போது வயிற்றைக் கலக்கவில்லை என்றால் ஆழம் இருக்கிறது.

ஆஃபென்சிவ் லைனில் (தாக்கும்போது பந்து வைத்திருப்பவனைக் காக்கும் முன்வரிசை ஐவர்) அவருக்கே கலக்கியது. முந்தைய வருஷம் ஆடிய ஐவரில் நால்வர் போய்விட்டார்கள், டெய்லர் டெக்கர் ஒருவர்தான் மிச்சம். நான் ஆர்வக்கோளாறில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வட்டத்தில் விரலை வைத்தேன். மறைந்தது பிராக்ஸ்டன் மில்லர், ஊரே கொண்டாடிய நட்சத்திரம். கீழே ஜே.டி. பாரெட், அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடாத டெக்சாஸ் பையன். "இவன் வந்தால்?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். வர வேண்டியிருக்காது என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, பயிற்சியில் மில்லரின் தோள் போனது. சீசன் முழுக்க இல்லை. மறுநாள் நான் வேலைக்குப் போனபோது பெரியவர் எதுவும் பேசாமல் என் கட்டைவிரலையே பார்த்தார். வாய்முகூர்த்தம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது விரல் முகூர்த்தம்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் சீனியர்களுக்கே மனப்பாடமாக இருக்கும், வேகமாகச் சொல்கிறேன். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மைதானத்தில் 35-21 தோல்வி. புது லைனைப் பிளந்துகொண்டு பாரெட்டைப் பந்தோடு போட்டு அமுக்கினார்கள். "அவ்வளவுதான்" என்றோம். ஆனால் பாரெட் அந்த சீசனில் 45 டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) காரணமாகி, எங்கள் கல்லூரி ஆடும் பிக் டென் லீக்கில் சாதனை படைத்தார். நவம்பர் 29, மிச்சிகனுக்கு எதிரான ஆட்டம், நான்காம் கால்பகுதித் தொடக்கத்தில் அவருக்கும் கணுக்கால் முறிந்தது. இறங்கியவர் கார்டேல் ஜோன்ஸ். பெரியவரின் மெனுத் தாளில் அவர் பெயரே கிடையாது. மூன்றாவது பெயர் எழுத வட்டத்தில் இடமில்லை. அந்த மூன்றாமவர் அடுத்த வாரமே விஸ்கான்சினை 59-0, புத்தாண்டு அன்று அலபாமாவை 42-35, ஜனவரி 12-ல் ஓரிகனை 42-20 என்று ஜெயித்துக் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தார். தேசியப் பட்டத்துக்கு நான்கு அணிகள் மோதும் பிளேஆஃப் முறை வந்த முதல் வருஷம் அது. (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எசிகியல் எலியட் ஓரிகனுக்கு எதிராக மட்டும் 246 யார்டு ஓடினார். ஜோன்ஸ் தனியாளாகச் சாதித்தார் என்று நான் சொல்லவே இல்லை.)

இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்குத் தகராறு உண்டு. மில்லர் பிப்ரவரியிலேயே தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வசந்தகாலப் பயிற்சியில் பந்தைத் தொடவில்லை. அதனால் அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவருக்குப் போக வேண்டிய பயிற்சி வாய்ப்பெல்லாம் ஜோன்ஸுக்கும் பாரெட்டுக்கும் போனது. வசந்தம் முடிந்தபோது ஜோன்ஸ்தான் இரண்டாமவர், ஆகஸ்டில் பாரெட் அவரை முந்தினார். டிசம்பரில் வந்த பலனுக்கு விதை ஏப்ரலில் யாரும் பார்க்காத மைதானத்தில் போட்டது. ஆகவே உங்கள் அணிக்கும் இதையே கேளுங்கள்: ஏப்ரலில் முதல் வரிசையோடு நின்று பயிற்சி எடுத்த இரண்டாமவர் யார்? வசந்தகாலக் கண்காட்சி ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே அணியை இரண்டாகப் பிரித்து ஆடுவது அது. அங்கே ஒருவன் ஐந்து டச்டவுன் போட்டால், எதிரே நின்ற உங்கள் ஆளே ஐந்து விட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த விஷயம் என்னைச் சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அமெரிக்கா போகும் முன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் (பெயர் வேண்டாம், உங்கள் வீட்டிலும் ஒருவர் அங்கே இருப்பார்) ஏழு மாதம் பெஞ்சில் இருந்தேன். பெஞ்ச் என்றால் தெரியாதவர் இங்கே யாருமில்லை. காலை ஒன்பதுக்கு அடையாள அட்டையைத் தேய்க்க வேண்டும், மாலை ஆறுக்குத் தேய்க்க வேண்டும், நடுவே ஒன்றும் கிடையாது. இதில் தினமும் 'இன்று என்ன செய்தேன்' என்று மேலாளருக்கு மின்னஞ்சல் வேறு. ஒருநாள் கோபத்தில் 'கேன்டீனில் இரண்டு டீ' என்று எழுதினேன், அதற்கும் 'நோட்டட், தேங்க்ஸ்' என்று பதில் வந்தது. வாடிக்கையாளரிடம் மட்டும் "எங்களிடம் தயார் நிலையில் இத்தனை ஆயிரம் பேர்" என்று எங்கள் தலையை எண்ணிக் காட்டுவார்கள். ஒரு புராஜெக்ட் வந்தபோது "இவருக்கு அனுபவம் இல்லை" என்று வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். அனுபவம் எங்கிருந்து வரும், டீயிலிருந்தா? அந்த ஏழு மாதமும் அம்மா அக்கம்பக்கத்தில் "பெரிய கம்பெனி" என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் மறுக்கவில்லை. பட்டியலில் நூறு பேர் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அந்தக் கேன்டீன்தான் கண்ணில் வந்தது. பட்டியலில் நானும்தான் இருந்தேன்.

சரி, கால்பந்துக்கு வருகிறேன். எல்லாருக்கும் பயிற்சி கொடுத்து, எல்லாரையும் வைத்துக்கொண்டால் ஜெயம்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2015 கோடையில் எங்கள் ஊர் அப்படித்தான் நினைத்தது. மில்லர் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவர்) மாறினார், ஜோன்ஸும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் தங்கினார், பாரெட் குணமாகி வந்தார். அணிகளைத் தரவரிசைப்படுத்தப் பத்திரிகையாளர்கள் போடும் ஏபி வாக்கெடுப்பில் முதலிடத்துக்கான 61 வாக்கும் எங்களுக்கே. சீசனுக்கு முன்பே ஒரு அணி ஒருமனதாக முதலிடம் பெற்றது அதுவே முதல்முறை. அந்த அணியிலிருந்து அடுத்த ஏப்ரலில் 12 பேர் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குத் தேர்வானார்கள், அதில் ஐவர் முதல் சுற்றிலேயே. மெனுத் தாளில் எந்தப் பெயரை மறைத்தாலும் கீழே ஒரு சூரன்.

நவம்பர் 21, மழை, எதிரே மிச்சிகன் ஸ்டேட் (மிச்சிகன் வேறு, இது வேறு). அவர்களுடைய குவாட்டர்பேக் கானர் குக் தோள் காயத்தால் ஆடவில்லை. பதிலாக இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கினார்கள். கடைசி நொடியில் 41 யார்டிலிருந்து உதைத்து எடுத்த ஃபீல்ட் கோல், 17-14, எங்கள் கதை முடிந்தது. மூன்று குவாட்டர்பேக் வைத்திருந்த நாங்கள், எதிரியின் பெஞ்சிடம் தோற்றோம். எலியட்டுக்கு அன்று 12 முறைதான் பந்து போனது, ஆட்டம் முடிந்ததும் அவர் வெளிப்படையாகவே புலம்பினார். அந்த வருஷம் முழுக்க ஜோன்ஸா பாரெட்டா என்றே ஊசலாடியதில் இருவருமே பழைய மாதிரி ஆடவில்லை என்பது என் கணக்கு. என்னைப் பயிற்சியாளர் அர்பன் மேயருக்குப் புத்தி சொல்ல வந்தவன் என்று நினைக்க வேண்டாம், அவர் மூன்று தேசியப் பட்டம் வென்றவர், நான் தட்டு கழுவியவன். இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போது கணக்கே வேறு, நீங்கள் போகும் காலம் அது. அப்போதெல்லாம் 85 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடும் வாக்-ஆன் பையன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும். 2025-ல் நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு மொத்தமே 105 பேர்தான், கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல், வந்தது. 2021-லிருந்து மாறியவுடன் ஆடலாம் என்றானது. இரண்டு வருஷம் வரிசையில் நின்று மூன்றாம் வருஷம் இறங்குகிற ஜோன்ஸ் மாதிரி ஆள், இன்று முதல் சீசன் முடிந்ததுமே மூட்டை கட்டிவிடுவான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் போர்ட்டல் இருந்திருந்தால் இரண்டாவது டீயிலேயே போயிருப்பேன். 2026-லிருந்து ஜனவரியில் இரண்டு வாரம் மட்டுமே போர்ட்டல் கதவு திறக்கிறது, ஏப்ரல் கதவை மூடிவிட்டார்கள். அதனால் வசந்தகாலத்தில் நீங்கள் பார்க்கும் பட்டியலை முன்பைவிட நம்பலாம்.

பார்க்கும்போது எல்லாரும் குவாட்டர்பேக்கைப் பார்ப்பார்கள், நீங்கள் லைனைப் பாருங்கள். 2024-ல் எங்களுக்கு அக்டோபரில் ஓரிகன் ஆட்டத்தில் லெஃப்ட் டேக்கிள் (லைனின் இடது ஓரத்தில் நிற்பவர்) ஜோஷ் சிம்மன்ஸ் அடிபட்டுப் போனார். அவருக்குப் பக்கத்து இடமான கார்டில் நின்ற டோனோவன் ஜாக்சனை அங்கே நகர்த்தினார்கள். நவம்பரில் சென்டர் (லைனின் நடுவில் நிற்பவர்) செத் மெக்லாஃப்லினுக்குக் குதிகால் தசைநார் கிழிந்தது. அங்கே போனவர் கார்சன் ஹின்ஸ்மன். 2023-ல் அவர்தான் சென்டர், கடைசியில் உட்கார வைத்தார்கள், அடுத்து அவர் இடத்துக்கே அலபாமாவிலிருந்து மெக்லாஃப்லினைக் கொண்டுவந்தார்கள். அவமானம் என்று கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை. மிச்சிகனிடம் 13-10 தோற்றபோது அந்த லைனை ஊரே காறித் துப்பியது, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பிறகு அதே லைன் டென்னசி, ஓரிகன், டெக்சாஸ் மூவரையும் தாண்டி, 2025 ஜனவரி 20-ல் நோட்டர் டேமை 34-23 வென்றது. அன்றிரவு எல்லாரும் ஜெரமையா ஸ்மித் பிடித்த பந்தைப் பற்றியே பேசினார்கள். நான் ஹின்ஸ்மனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி "யாருங்க அது?" என்றாள். "பெஞ்சுல இருந்தவன்" என்றேன்.

ஆகவே ஆகஸ்டில் உங்கள் கல்லூரியின் டெப்த் சார்ட் வந்ததும் ஒரு தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். லெஃப்ட் டேக்கிள், சென்டர், எதிரணி ரிசீவர்கள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும் கார்னர்பேக்குகள், இவர்கள் பெயரை மறைத்துக் கீழே இருப்பவன் போன வருஷம் நெருக்கடியான ஆட்டத்தில் இறங்கியிருக்கிறானா என்று தேடுங்கள். 'அவன் அல்லது இவன்' என்று இரண்டு பெயர் போட்டிருந்தால், பாதி நேரம் இருவருமே சுமார் என்று பொருள், மீதி நேரம் யாரும் போர்ட்டலுக்கு ஓடிவிடக் கூடாது என்ற பயம்.

குவாட்டர்பேக் பெயர் மேல் மட்டும் விரலை வைக்காதீர்கள். 2014-க்குப் பிறகு நான் வைப்பதில்லை.